எந்த டிஸ்க் எது? அறிகுறி பார்த்து அடையாளம் காணும் வழி

லினக்ஸ் கணினியில் எஸ்டிபி என்று ஒரு டிஸ்க் தெரிகிறது. அந்தப் பெயரை அதற்கு வைத்தது யார்? டிஸ்க் அப்படி எதையும் சொல்லவில்லை. லினக்ஸின் மையமான கெர்னல்தான் கண்ணில் பட்ட வரிசையில் எழுத்துகளை ஒட்டிக்கொண்டே போகிறது. முதலில் பதில் சொன்னதற்கு ஏ, அடுத்ததற்கு பி. அது டோக்கன் எண் மாதிரி. நாளைக்கு வேறொருவர் கையில் அதே டோக்கன் இருக்கும்.

ஒரு டிஸ்க்கைப் பற்றி நமக்குத் தகவல் தருபவர்கள் நான்கு பேர். கெர்னல் தரும் வரிசைப் பெயர் ஒன்று. எந்த போர்ட்டில் செருகியிருக்கிறது என்ற இடம் இரண்டாவது. மாடல், சீரியல் எண், டபிள்யூடபிள்யூஎன் (தயாரிப்பாளர் வைக்கும், உலகில் தனித்த எண்) என்று வன்பொருளே சொல்வது மூன்றாவது. பார்ட்டிஷன் டேபிள் (டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறது என்ற பட்டியல்), யூயூஐடி (ஃபார்மேட் செய்யும்போது ஃபைல் சிஸ்டத்துக்குக் கிடைக்கும் நீண்ட அடையாள எண்), லேபிள் என்று டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்கும் உள்ளடக்கம் நான்காவது. நான்கு பேருமே பொய் சொல்லக்கூடியவர்கள். ஆனால் ஒவ்வொருவரும் பொய் சொல்லும் சந்தர்ப்பம் வேறு. அதனால்தான் எதையாவது அழிக்கும் கட்டளையை அடிப்பதற்கு முன் இரண்டு தனித்தனி சாட்சிகளைக் கேட்க வேண்டும் என்கிறேன்.

இதை நான் கற்றுக்கொண்டது பட்டுத்தான். ஒரே மாடலில் இரண்டு 4 டிபி டிஸ்க்குகள். ஒன்று காலி, இன்னொன்றில் பேக்கப். காலி டிஸ்க் எஸ்டிசி என்று முந்தைய நாள் இரவு பார்த்து, பைட் பைட்டாக நகலெடுக்கும் டிடி கட்டளையை ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். இடையில் கணினி ஒருமுறை ரீபூட் ஆகியிருந்தது. காலையில் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டி என்டர் தட்டினேன். டிடி எந்தக் கேள்வியும் கேட்காது.

முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் மைனஸ் ஓ கொடுத்து, நேம், சைஸ், ட்ரான், மாடல், சீரியல், டபிள்யூடபிள்யூஎன், யூயூஐடி என்ற நிரல்களைக் கேளுங்கள். ட்ரான் என்பது டிஸ்க் எந்த வழியில் வருகிறது என்று காட்டும்: சாட்டா, யூஎஸ்பி, என்விஎம்இ. அடுத்து டெவ் அடைவுக்குள் இருக்கும் டிஸ்க் அடைவைத் திறந்தால் பை-ஐடி, பை-பாத், பை-யூயூஐடி, பை-பார்ட்யூயூஐடி, பை-லேபிள் என்று உள்ளே பல அடைவுகள் இருக்கும். மேலே சொன்ன சாட்சிகளுக்கு, சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யூடெவ் என்ற நிரல் கட்டிக்கொடுத்த கூண்டுகள் அவை. ஒவ்வொன்றிலும் இருப்பது, அந்த நேரத்தில் பொருந்தும் எஸ்டிஏ, எஸ்டிபியை நோக்கிக் கை காட்டும் இணைப்புகள்.

ஒவ்வொரு ரீபூட்டிலும் எஸ்டிஏவும் எஸ்டிபியும் இடம் மாறுகின்றன

இது கோளாறே இல்லை. டிஸ்க்குகளைக் கெர்னல் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்து தேடுவதில்லை. ஒரே நேரத்தில் பலவற்றையும் விசாரிக்கிறது. எது முந்திப் பதில் சொல்கிறதோ அது முன்னால் நிற்கும். சுழல ஆரம்பிக்க நேரம் எடுக்கும் ஹார்ட் டிஸ்க் எஸ்எஸ்டியிடம் தோற்கும். இன்னொரு நாள் வேறு கன்ட்ரோலர் முந்திக்கொள்ளும். பயாஸில் வரிசையை மாற்றியும் கேபிளை மாற்றிச் செருகியும் இதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாம். நிலையாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்காத பெயரை நிலைப்படுத்துவதில் லாபமில்லை.

எந்த டிஸ்க்கை எந்த அடைவில் இணைப்பது (மவுன்ட் செய்வது) என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிபி1 என்று எழுதியிருக்கும் இடத்தையெல்லாம் யூயூஐடிக்கு மாற்றுங்கள். பேக்கப் ஸ்கிரிப்ட், டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் கண்காணிப்பு, ஹார்ட் டிஸ்க்கைத் தூங்க வைக்கும் அமைப்பு போன்றவை ஃபைல் சிஸ்டத்தைவிட டிஸ்க்கையே குறிவைப்பவை. அவற்றில் பை-ஐடி பெயரைக் கொடுங்கள். இந்த வேறுபாடு முக்கியம். உள்ளே இருக்கும் தரவு வேண்டுமென்றால் உள்ளடக்கத்தின் பெயர், இரும்புப் பெட்டி வேண்டுமென்றால் பெட்டியின் பெயர்.

என்விஎம்இ டிஸ்க்குகளுக்கும் இதே கதைதான், கூடுதலாக ஒரு குழப்பத்தோடு. என்விஎம்இ0 என்ற கன்ட்ரோலருக்கும் என்விஎம்இ0என்1 என்ற டிஸ்க்குக்கும் எண் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று நினைப்போம். ஒரே டிஸ்க்குக்குப் பல பாதைகளை ஏற்கும் மல்டிபாத் வசதி இயங்கும் கெர்னலில் அந்தச் சொந்தம் கட்டாயமில்லை.

ரீபூட் செய்யவே இல்லை. ஆனாலும் யூஎஸ்பி டிஸ்க் எஸ்டிபியிலிருந்து எஸ்டிசி ஆகிவிட்டது

டி-மெசேஜ் கட்டளையில் கெர்னல் பதிவைப் பாருங்கள். ரீசெட் என்றோ டிஸ்கனெக்ட் என்றோ வரிகள் இருக்கும். டிஸ்க் ஒரு நொடி அறுந்து மீண்டும் வந்திருக்கிறது. பழைய எஸ்டிபியை ஏதோ ஒரு நிரல் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயரைக் கெர்னலால் விடுவிக்க முடியவில்லை. புதிதாக வந்ததற்கு அடுத்த எழுத்தைக் கொடுத்துவிட்டது. மவுன்ட் ஆகியிருந்த அடைவு இப்போது செத்த டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டு நிற்கும். உள்ளே போனால் உள்ளீடு-வெளியீட்டுப் பிழை.

பழைய மவுன்ட்டை அவிழ்த்துவிட்டு, யார் பிடித்திருக்கிறார்கள் என்று எஃப்யூசர் கட்டளையில் பார்த்து நிறுத்துங்கள். பிறகு காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் மின்சாரம் போதாமை அல்லது கேபிள். தனி மின் இணைப்பு இல்லாத ஹப்பில் சுழலும் டிஸ்க்கைத் தொங்கவிட்டால் இதுதான் நடக்கும். கேபிளும் மின்சாரமும் சரியென்றால், யூஎஸ்பி டிஸ்க்குகளை வேகமாக இயக்கும் யூஏஎஸ் டிரைவரைச் சந்தேகிக்கலாம். டிஸ்க்குக்கும் யூஎஸ்பிக்கும் நடுவில் மொழிபெயர்க்கும் பிரிட்ஜ் சிப்களில் சில அதில் தடுமாறும். யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவிர்க்ஸ் என்ற கெர்னல் அளவுருவில் அந்தச் சாதனத்தின் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் தந்து, இறுதியில் சிறிய யூ எழுத்தைச் சேர்த்தால் அதற்கு மட்டும் யூஏஎஸ் அணையும். வேகம் குறையும், தடுமாற்றம் நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஸ்கிரிப்ட் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. பெயரைச் சோதித்த நொடிக்கும் எழுதத் தொடங்கும் நொடிக்கும் நடுவில் டிஸ்க் அறுந்து, அதே எஸ்டிபி பெயரில் வேறொன்று வந்து உட்கார்ந்தால்? இதற்காகவே லினக்ஸ் 5.15 முதல் டிஸ்க்சீக் என்று ஒரு எண் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஒரு டிஸ்க் தோன்றும்போதும் எண் ஏறும். அடுத்த ரீபூட் வரை ஒருமுறை வந்த எண் திரும்ப வராது. சிஸ் அடைவில், பிளாக் என்பதற்குள், அந்த டிஸ்க்கின் பெயரில் இருக்கும் அடைவில் அதைப் படிக்கலாம்.

பை-ஐடி பெயரே மாறுகிறது

பை-ஐடி என்றால் கல்லில் எழுதியது என்று நம்பியிருந்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். நேற்று வரை ஏடிஏ என்று தொடங்கிய பெயர் இன்று யூஎஸ்பி என்று தொடங்குகிறது. டிஸ்க் அதேதான்.

யூஎஸ்பி கேஸுக்குள் இருக்கும் சாட்டா டிஸ்க்கோடு கணினி நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் ஒரு பிரிட்ஜ் சிப் மொழிபெயர்க்கிறது. யூடெவ் முதலில் அந்த சிப் வழியாக உள்ளே இருக்கும் டிஸ்க்கிடமே "நீ யார்" என்று, சாட்டா டிஸ்க்குகள் பேசும் ஏடிஏ மொழியில் கேட்டுப் பார்க்கும். பதில் வந்தால் உண்மையான மாடல், உண்மையான சீரியல் எண்ணோடு ஏடிஏ என்று தொடங்கும் பெயர் கிடைக்கும். பதில் வராவிட்டால் பிரிட்ஜ் தன்னைப் பற்றிச் சொல்வதை வைத்து யூஎஸ்பி என்று தொடங்கும் பெயர். சில சிப்கள் அந்தக் கேள்வியைக் கடத்துவதே இல்லை. சில கடத்தும், ஆனால் டிஸ்க் இன்னும் சுழன்று எழும் நேரத்தில் கேட்டால் பதில் தவறலாம். அதே டிஸ்க்கை வேறு கேஸில் போட்டால் வேறு பெயர். நேரடியாக மதர்போர்டில் செருகினால் இன்னொன்று.

யூடெவ் என்ன புரிந்துகொண்டது என்பதை யூடெவ்ஆட்ம் இன்ஃபோ கட்டளையில், குவெரி ப்ராப்பர்ட்டி என்று கேட்டுப் பாருங்கள். ஐடி_பஸ், ஐடி_மாடல், ஐடி_சீரியல் என்ற வரிகள்தான் பெயரைத் தீர்மானிப்பவை. உள்ளே இருப்பவரின் உண்மைப் பெயர் வேண்டுமென்றால் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் மைனஸ் ஐ கொடுத்து, சாதன வகையாக சாட் என்று சொல்லுங்கள். யூஎஸ்பிக்குள் என்விஎம்இ இருந்தால் சாட் உதவாது. பிரிட்ஜ் சிப்பைச் செய்தவரைப் பொறுத்து எஸ்என்டிஜேமைக்ரான், எஸ்என்டிஏஎஸ்மீடியா, எஸ்என்டிரியல்டெக் என்ற மூன்றில் ஒன்று பொருந்தும்.

இந்த வகை டிஸ்க்கை எஃப்எஸ்டேப்பில் பை-ஐடி கொண்டு கட்டாதீர்கள். ஃபைல் சிஸ்டம் யூயூஐடியே போதும். இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தின் பூல் (டிஸ்க்குகளின் தொகுப்பு) பெயர் மாறித் தவித்தால், பூலை எக்ஸ்போர்ட் செய்து, பை-ஐடி அடைவைக் காட்டி மீண்டும் இம்போர்ட் செய்யுங்கள். அது தன் உறுப்பினர்களை டிஸ்க்கில் எழுதியிருக்கும் லேபிளை வைத்தே அறியும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் லினக்ஸின் எம்டி ரெய்டும் அப்படித்தான்.

சீரியல் எண் கிட்டத்தட்டச் சரியாக இருந்து, எழுத்துகள் மட்டும் கலைந்திருந்தால் அதற்கும் காரணம் உண்டு. ஏடிஏ தரத்தில் எழுத்துகள் இரண்டிரண்டாக இடம் மாற்றி அடுக்கப்பட்டிருக்கும். படிப்பவர் அதைத் திருப்பிப் போட வேண்டும். சில பிரிட்ஜ்கள் மறந்துவிடும். 12345678 என்பது 21436587 என்று தெரியும். ஸ்டிக்கரோடு ஒப்பிடும்போது இந்த மாதிரியைக் கண்டால் பதற வேண்டாம், அதே டிஸ்க்தான். சீரியலுக்கு ஒதுக்கிய இடம் 20 எழுத்துகள்; மீதியை இடைவெளியால் நிரப்புவார்கள், சிலர் முன்னால், சிலர் பின்னால். ஸ்கிரிப்டில் ஒப்பிடும் முன் இரு பக்கமும் சீவிவிடுங்கள்.

டபிள்யூடபிள்யூஎன் கிடைத்தால் அதை நான் சீரியலைவிட ஒரு படி மேலாக மதிப்பேன். 64 பிட் எண். முதல் இலக்கம் 5, அடுத்த ஆறு இலக்கங்கள் தயாரிப்பாளருக்கு ஐஇஇஇ என்ற தர அமைப்பு ஒதுக்கியவை. 5000சி50 என்று தொடங்கினால் சீகேட், 50014இஇ என்றால் வெஸ்டர்ன் டிஜிட்டல், 5002538 என்றால் சாம்சங். மாடல் பெயரும் இந்த முன்னொட்டும் வேறுவேறு நிறுவனத்தைச் சொன்னால் நடுவில் யாரோ பேசுகிறார்கள் என்று பொருள்.

இரண்டு டிஸ்க்குகள், ஒரே சீரியல் எண்

ஒரே வகை யூஎஸ்பி கேஸ் இரண்டு வாங்கினீர்கள். இரண்டையும் செருகினால் பை-ஐடியில் ஒரே ஒரு பெயர். அது ஒருநாள் இந்த டிஸ்க்கைக் காட்டுகிறது, மறுநாள் அந்த டிஸ்க்கை.

யூஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜின் பல்க்-ஒன்லி தரம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: சீரியலில் குறைந்தது 12 இலக்கங்கள் இருக்க வேண்டும், ஒரே தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் கொண்டவற்றுக்குள் கடைசி 12 மீளக்கூடாது. எழுதியவர்கள் எழுதினார்கள், மலிவான கேஸ் செய்பவர்கள் எல்லாவற்றிலும் 0123456789 என்று தொடங்கும் ஒரே சரத்தை எரித்து அனுப்பிவிடுகிறார்கள். சீரியல் எண் ஏறுவரிசையில் இருந்தாலோ, முழுக்கப் பூஜ்ஜியமாக இருந்தாலோ, அது பெயரே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இணைப்புப் பெயருக்கு இரண்டு டிஸ்க்குகள் உரிமை கோரும்போது, முன்னுரிமையும் சமமாக இருந்தால், யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

சீரியல் சாட்சி செத்துவிட்டது. மற்ற சாட்சிகளிடம் போங்கள். ஃபைல் சிஸ்டம் இருந்தால் யூயூஐடி. காலி டிஸ்க்குகள் என்றால் பை-பாத்: எந்த போர்ட்டில் எது என்று எழுதி ஒட்டிவிட்டு, அந்த போர்ட்டை மாற்றாமல் வைத்திருங்கள். ஸ்மார்ட்சிடிஎல் உள்ளே எட்டிப் பார்க்க முடிந்தால் அதுவே மேல். இரண்டு டிஸ்க் கொள்ளும் டாக்கில் பெயரின் இறுதியில் 0:0, 0:1 என்று வரும். அது டாக்கின் எந்தக் குழி என்பதைத்தான் சொல்கிறது. டிஸ்க்குகளை மாற்றிப் போட்டால் பெயரும் மாறி ஒட்டிக்கொள்ளும்.

கார்டு ரீடரிலும் இதே பொறிதான். யூஎஸ்பி ரீடர் தன் சீரியலைச் சொல்லும். உள்ளே எந்த எஸ்டி கார்டு என்பது அதற்கு அக்கறையில்லை. பல குழிகள் இருந்தால் கார்டே இல்லாத குழிகளும் 0 அளவுள்ள டிஸ்க்காக வந்து எஸ்டிபி, எஸ்டிசி எழுத்துகளைத் தின்றுவிடும். போர்டோடு சேர்ந்த கார்டு குழி என்றால் எம்எம்சிபிஎல்கே என்று பெயர் வரும். அங்கே கார்டின் சொந்த சிஐடி எண் சிஸ் அடைவில் படிக்கக் கிடைக்கும்.

இரண்டாவது என்விஎம்இ தோன்றவே இல்லை

ஒரே மாடலில் இரண்டு எஸ்எஸ்டி. எல்எஸ்பிசிஐ கட்டளையில் இரண்டு கன்ட்ரோலரும் தெரிகின்றன, எல்எஸ்பிஎல்கேயில் ஒன்றுதான். பலர் இந்த இடத்தில் புது எஸ்எஸ்டி பழுது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

கெர்னல் பதிவில் "குளோபலி டூப்ளிகேட் ஐடிஸ்" என்ற சொற்களைத் தேடுங்கள். ஒவ்வொரு என்விஎம்இ டிஸ்க்கும் இயுஐ64 என்ற 8 பைட் அடையாளமோ என்ஜியூஐடி என்ற 16 பைட் அடையாளமோ சொல்லலாம். சொன்னால் அது உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். சில தயாரிப்புகளில் எல்லாத் துண்டுக்கும் ஒரே எண். இரண்டும் ஒரே டிஸ்க்குக்குப் போகும் இரண்டு பாதைகள் என்று தவறாகச் சேர்த்துவிட்டால் தரவு நாசமாகும் என்பதால், கெர்னல் இரண்டாவதை உள்ளே விடாமல் தடுக்கிறது. அதன் பயம் நியாயமானதுதான்.

ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இருந்தால் முதலில் அது. அடுத்து கெர்னல் புதுப்பிப்பு: இப்படிப் பொய் எண் சொல்லும் மாடல்களின் பட்டியல் கெர்னலுக்குள்ளேயே வளர்ந்துகொண்டு வருகிறது, பட்டியலில் இருப்பதன் எண்ணை அது கண்டுகொள்ளாது. பிறகு வந்த கெர்னல்களில் ஒற்றை போர்ட் உள்ள பிசிஐ டிஸ்க்குகளுக்குத் தடையையே தளர்த்தி, எண்ணை மட்டும் ஒதுக்கிவிடுகிறார்கள். டிஸ்க் உள்ளே வந்த பிறகும் அந்த எண்ணில் அமைந்த பெயரைத் தொடாதீர்கள். மாடலும் சீரியலும் சேர்ந்த பெயரைப் பயன்படுத்துங்கள்.

குளோன் எடுத்த பிறகு தவறான டிஸ்க் மவுன்ட் ஆகிறது

இதில் வன்பொருளைக் குறை சொல்ல முடியாது. டிடி ஒவ்வொரு பைட்டையும் அப்படியே நகலெடுக்கும். யூயூஐடியும் டிஸ்க்கில் எழுதப்பட்ட பைட்டுகள்தான். இப்போது ஒரே யூயூஐடியோடு இரண்டு டிஸ்க்குகள். பை-யூயூஐடியில் ஒரு பெயர், இரண்டு உரிமையாளர்கள். மூலத்தைத் திருத்துகிறோம் என்று நினைத்து நகலைத் திருத்திக்கொண்டிருப்போம்.

முதல் வேலை: இரண்டில் ஒன்றைக் கழற்றுங்கள். பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்றால் இது பரிந்துரை அல்ல, கட்டாயம். அது தன் டிஸ்க்குகளை யூயூஐடி வைத்தே கூட்டிச் சேர்க்கிறது. இரட்டையர் இருவரையும் ஒரே நேரத்தில் காட்டினால் எதில் எழுதுகிறது என்று சொல்ல முடியாது. எக்ஸ்எஃப்எஸ் இந்த விஷயத்தில் கறார். இரட்டை யூயூஐடி என்று சொல்லி மவுன்ட்டையே மறுத்துவிடும். நோயூயூஐடி என்ற விருப்பம் தற்காலிகமாக உள்ளே விடும்.

பிறகு நகலுக்கு, மவுன்ட் ஆகாத நிலையில், புதுப் பெயர் வையுங்கள். இஎக்ஸ்டி4க்கு டியூன்2எஃப்எஸ் கட்டளையில் பெரிய யூ விருப்பத்தோடு ரேண்டம் என்று கொடுங்கள். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு எக்ஸ்எஃப்எஸ்_அட்மினில் அதே பெரிய யூவோடு ஜெனரேட். பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு பிடிஆர்எஃப்எஸ்டியூனில் சிறிய யூ. டிஸ்க் இடத்தைத் தொகுத்துப் பிரித்துத் தரும் எல்விஎம் என்றால் விஜிஇம்போர்ட்குளோன் இதற்கென்றே இருக்கிறது. இத்தோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. பார்ட்டிஷன் டேபிளிலும் அடையாளங்கள் உண்டு. ஜிபிடி என்ற புதிய வகை டேபிள் என்றால் எஸ்ஜிடிஸ்க்கில் பெரிய ஜி விருப்பம், டிஸ்க்கின் எண்ணையும் எல்லாப் பார்ட்டிஷன் எண்களையும் ஒரே வீச்சில் புதிதாக்கும். எம்பிஆர் என்ற பழைய வகை டேபிளில் 32 பிட் கையொப்பம் ஒன்று இருக்கிறது. பார்ட்யூயூஐடி என்பது அந்த எட்டு இலக்கமும் பார்ட்டிஷன் எண்ணும் சேர்ந்ததுதான். நகலிலிருந்து பூட் ஆக வேண்டுமென்றால் அதற்குள் இருக்கும் எஃப்எஸ்டேப், கணினியை எழுப்பும் கிரப்பின் அமைப்பு, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் மூன்றையும் புது எண்ணுக்கு மாற்ற மறக்காதீர்கள்.

விண்டோஸில் இதே நிலை வந்தால் இரண்டாவது டிஸ்க்கை அது ஆஃப்லைனில் வைத்துவிட்டு, கையொப்ப மோதல் என்று சொல்லும். டிஸ்க்பார்ட்டில் யுனிக்ஐடி டிஸ்க் கட்டளையால் எண்ணை மாற்றலாம். நகலுடையதை மட்டும் மாற்றுங்கள். பூட் ஆகும் டிஸ்க்கின் கையொப்பம் பூட் அமைப்புக்குள் பதிந்திருக்கிறது. அதை மாற்றினால் விண்டோஸ் எழாது.

எது மூலம், எது நகல் என்றே மறந்துவிட்டதா? வன்பொருள் சீரியல் இரண்டுக்கும் வேறு. அதுவும் நினைவில்லையென்றால், இஎக்ஸ்டி4ல் டம்ப்இ2எஃப்எஸ் மைனஸ் எச் கடைசியாக மவுன்ட் ஆன நேரத்தைக் காட்டும். நகலெடுத்த பிறகு ஒன்றுதான் புழங்கியிருக்கும்.

யூயூஐடி இருக்க வேண்டிய இடத்தில் வெறுமை

பார்ட்டிஷன் இருக்கிறது, கையால் வகையைச் சொன்னால் மவுன்ட்டும் ஆகிறது. ஆனால் எல்எஸ்பிஎல்கேயில் யூயூஐடி காலி. பிஎல்கேஐடி கட்டளையை மைனஸ் பி கொடுத்து ஓட்டினால் "ஆம்பிவேலன்ட் ரிசல்ட்" என்று முறையிடும். ஒரே இடத்தில் இரண்டு ஃபைல் சிஸ்டத்தின் அடையாளங்களை அது பார்த்துவிட்டது. எதையும் தேர்ந்தெடுக்க மறுக்கிறது.

இந்த டிஸ்க் முன்பு வேறு வேலை பார்த்திருக்கிறது. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு டிஸ்க்கிலும் நான்கு லேபிள்கள் எழுதும், தொடக்கத்தில் இரண்டு, இறுதியில் இரண்டு. புதிதாக ஃபார்மேட் செய்தால் தொடக்கத்தில் இருப்பவை அழியும். கடைசியில் இருப்பவை அப்படியே கிடக்கும். பழைய ரெய்டு உறுப்பினர்களும் கடைசியில் தடயம் விட்டுப்போவதுண்டு. வைப்எஃப்எஸ் கட்டளையை விருப்பம் எதுவும் தராமல் ஓட்டுங்கள். பெயர் பயமுறுத்தினாலும் அப்போது அது பட்டியல் மட்டுமே போடும். தேவையற்ற அடையாளத்தின் இடத்தை மைனஸ் ஓவில் தந்து, பேக்கப் விருப்பத்தோடு அதை மட்டும் நீக்குங்கள். மைனஸ் ஏ எல்லாவற்றையும் அழிக்கும், உங்களுக்கு வேண்டியதையும் சேர்த்து.

கேஸிலிருந்து கழற்றிச் செருகினால் டிஸ்க் காலியாகத் தெரிகிறது

யூஎஸ்பி கேஸில் இருந்தவரை எல்லாம் நலம். உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்து நேரடியாக சாட்டாவில் போட்டால் பார்ட்டிஷனே இல்லை. "இனிஷியலைஸ் செய்யவா" என்று கணினி கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லுங்கள். தரவு அங்கேயேதான் இருக்கிறது.

எம்பிஆர் டேபிளில் செக்டர் (டிஸ்க்கை எண்ணும் கட்டம்) எண்ணுக்கு 32 பிட் மட்டுமே. 512 பைட் செக்டர் என்றால் 2 டிபிக்குச் சற்று மேல் எண்ண முடியாது. அதைத் தாண்ட, சில கேஸ்கள் செக்டர் அளவு 4096 என்று கணினியிடம் சொல்லிவிடும். ஜிபிடியாக இருந்தால் அதன் தலைப்பு செக்டர் எண் 1ல் இருக்கும். கேஸில் அது 4096ஆவது பைட். நேரடி இணைப்பில் கணினி 512ஆவது பைட்டில் போய்த் தேடுகிறது. தெருப் பெயர் சரி, கதவு எண் போடும் முறை மாறிவிட்டது. லூசெட்டப் கட்டளையில் செக்டர் அளவு 4096 என்று சொல்லி, படிக்க மட்டும் என்ற விருப்பத்தோடும் பார்ட்டிஷன் தேடும் விருப்பத்தோடும் அந்த டிஸ்க்கைத் திறந்தால், கேஸ் இல்லாமலே பார்ட்டிஷன்கள் தெரியும். கேஸ் கையிலிருந்தால் அதிலேயே திரும்பப் போட்டு நகலெடுப்பது இன்னும் எளிது. இரண்டும் பலிக்காவிட்டால் கேஸின் சிப்பே தரவை மறைகுறியாக்கம் செய்திருக்கலாம். அப்போது அந்தக் கேஸ் இல்லாமல் வழியில்லை. பழைய கேஸ்களைத் தூக்கி எறியாமல் இருப்பதற்கு இதுவே காரணம் போதும்.

இதன் தம்பி ஒன்று உண்டு: 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று தெரிவது. பழைய பிரிட்ஜோ டிரைவரோ 32 பிட்டுக்கு மேல் எண்ணத் தெரியாமல், 2 டிபியைச் சுற்றி வந்து மீதியை மட்டும் சொல்கிறது. கேஸை மாற்றுங்கள். அளவு தவறாகத் தெரியும்போது அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாதீர்கள்.

பை-பாத் பெயர் மாறிவிட்டது

புதிதாக ஒரு பிசிஐ கார்டு செருகினீர்களா? பஸ் எண்கள் தொடக்கத்தில் வரிசையாக எண்ணி ஒதுக்கப்படுபவை. நடுவில் ஒரு கார்டு வந்தால் 03 என்றிருந்தது 04 ஆகலாம். டிஸ்க் நகரவில்லை, முகவரி நகர்ந்துவிட்டது. கார்டு மாற்றிய பிறகு பை-பாத்தை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள்.

மெய்நிகர் கணினியில் சீரியலே இல்லை

கியூஎமு என்ற மெய்நிகர் கணினி நிரலில், விர்ட்ஐஓ வகை டிஸ்க்குக்கு நீங்கள் சீரியல் தராவிட்டால் எதுவும் இருக்காது, பை-ஐடியில் பெயரும் வராது. தந்தாலும் 20 பைட்டுக்கு மேல் வெட்டிவிடும். நீளமான யூயூஐடியைச் சீரியலாகக் கொடுத்தவர்கள் உள்ளே பாதியைத்தான் பார்ப்பார்கள். விஎம்வேரில் டிஸ்க்.எனேபிள்யூயூஐடி என்ற அமைப்பை ட்ரூ ஆக்க வேண்டும். கியூஎம்00001 மாதிரி சீரியல் கண்டால் அது கியூஎமு தானாக வைத்தது. வரிசையைப் பொறுத்தது, அடையாளமல்ல.

டிஸ்க் வராததால் பூட் நின்றுவிடுகிறது

எஃப்எஸ்டேப்பில் இருக்கும் டிஸ்க்குக்காக, பூட்டை நடத்தும் சிஸ்டம்டி இயல்பாக 90 நொடி காத்திருந்து, பிறகு அவசர நிலைக்குப் போய்விடும். வெளி டிஸ்க்குகளுக்கு, வராவிட்டாலும் பூட் தொடரட்டும் என்று சொல்லும் நோஃபெயில் விருப்பத்தைச் சேருங்கள். ரூட் டிஸ்க்கே யூஎஸ்பியில் தாமதமாக எழுகிறதென்றால், அது வரும்வரை காத்திருக்கச் சொல்லும் ரூட்வெயிட் என்ற கெர்னல் அளவுருவைக் கொடுங்கள்.

வெளி டிஸ்க் எது என்று ஸ்கிரிப்ட் தவறாக முடிவு செய்கிறது

ரிமூவபிள் என்ற கொடியைப் பார்த்து முடிவு செய்கிறதா? அந்தக் கொடி சொல்வது, டிஸ்க்கை விட்டு உள்ளிருக்கும் ஊடகம் மட்டும் வெளியே வருமா என்பதை. பென் டிரைவ்கள் 1 என்றும் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குகள் 0 என்றும் சொல்வது அதனால்தான். ட்ரான் நிரலைப் பாருங்கள். ரொட்டேஷனல் கொடியும் யூஎஸ்பி வழியே வரும்போது நம்பத்தகாதது. பிரிட்ஜ் அந்தத் தகவலைக் கடத்தாவிட்டால் எஸ்எஸ்டியும் சுழலும் டிஸ்க் என்றே பதிவாகும்.

திரையில் தெரியும், பெட்டிக்குள் எது என்று தெரியவில்லை

எட்டு டிஸ்க்குகள் அடுக்கிய பெட்டியில் ஒன்று பழுது. சீரியல் கையில் இருக்கிறது. ஸ்டிக்கரோ டிஸ்க்கின் மேல் முகத்தில், அடுத்த டிஸ்க்குக்கு அடியில் மறைந்திருக்கிறது. டிஸ்க்குகள் செருகியிருக்கும் பின்தளப் பலகை ஒத்துழைத்தால் லெட்சிடிஎல் கட்டளையில் லொக்கேட் என்று கொடுத்து அந்தக் குழியின் விளக்கை எரியவிடலாம். இல்லையென்றால் ஏழைக்கேற்ற வழி: டிடியில் அந்த டிஸ்க்கை உள்ளீடாகவும் டெவ் அடைவில் இருக்கும், எழுதியதையெல்லாம் விழுங்கிவிடும் 'நல்' சாதனத்தை வெளியீடாகவும் வைத்துப் படிக்க விடுங்கள். விடாமல் மின்னும் விளக்கு எது என்று பாருங்கள். இதில் உள்ளீடும் வெளியீடும் இடம் மாறிவிடக்கூடாது. அடித்த பின் என்டர் தட்டும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படிப்பது என் வழக்கம். டிஸ்க் படிக்கவே முடியாத அளவுக்குப் பழுதென்றால் நேர்மாறாகச் செய்யுங்கள்: மற்ற ஏழையும் படிக்கவிட்டால் இருண்டு கிடப்பது எதுவோ அது.

ரெய்டு கன்ட்ரோலருக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க்குகள் கெர்னலுக்குத் தெரியாது. அது காண்பது கன்ட்ரோலர் கட்டித்தந்த ஒரு கூட்டு டிஸ்க். மெகாரெய்டு வகை என்றால் ஸ்மார்ட்சிடிஎல்லில் சாதன வகையாக மெகாரெய்டு என்றும், காற்புள்ளிக்குப் பின் டிஸ்க் எண்ணும் கொடுத்தால் ஒவ்வொன்றின் சீரியலும் கிடைக்கும்.

புது டிஸ்க்கை ஏற்றும்போதே சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளை வெளியே தெரியும் விளிம்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஸ்டிக்கரைப் பார்த்து நகலெடுக்காமல், ஸ்மார்ட்சிடிஎல் சொல்வதைப் பார்த்து எழுதுங்கள்; பழுதாகும் நாளில் திரையில் வரப்போவது அந்த எண்தான்.